பிச்சாவரத்து நீர்வழிகள்

சொற்களில் சில, பொருளைத் தம் மடியிலேயே கட்டிக்கொண்டு வருவன. 'அலையாத்தி' என்பது அத்தகைய சொல். அலையை ஆற்றுவது அலையாத்தி என்பர். கொதிக்கும் பாலை ஆற்றுவதும், அழும் பிள்ளையை ஆற்றுவதும், பொங்கிவரும் கடலை ஆற்றுவதும் நம் மொழியில் ஒரே வினைதான். பள்ளிப் பாடநூல்கள் 'சதுப்புநிலக் காடு' என்று வறட்சியாக எழுதிவைத்திருப்பதைக் கடற்கரை மக்கள் இந்த ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டனர்.

அந்த அலையாத்திக் காட்டைத் துடுப்புப் படகிலேறிச் சுற்றிப் பார்க்கத் தமிழ்நாட்டில் பிச்சாவரத்தைப் போல் வாய்ப்பான இடம் பிறிதொன்றில்லை என்பது என் துணிபு. முத்துப்பேட்டை அன்பர்கள் இதற்குச் சண்டைக்கு வரக்கூடும். அவர்கள் ஊர்க் காடு இதனினும் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் படகின் இருபுறமும் கையெட்டும் தொலைவில் வேர்கள் நிற்க, தலைக்குமேல் கிளைகள் கூரை வேய, ஒரு முடுக்கிலிருந்து மறு முடுக்குக்குத் திரும்பித் திரும்பிச் செல்லும் இன்பத்தைப் பிச்சாவரமே நிறையத் தருகிறது.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைச் சேரும் இடங்களுக்கு இடைப்பட்ட தாழ்நிலம் அது. ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் 51 சிறு திட்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். திட்டுக்கும் திட்டுக்கும் இடையே ஓடுவன எல்லாம் வாய்க்கால்கள். வெள்ளாற்றின் வடகரையில்தான் நம்மவர் ஊராகிய பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ' என்றும், நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றும் அழைத்த துறைமுகம். அத்துறையிலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு அச்சைக்கும் மலாய்க் கரைக்கும் சென்றதை வரலாறு படித்தோர் அறிவர். பெருங்கடலைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பக்கத்திலிருக்கும் இவ்வாய்க்கால்களை விடுமுறைக்கு வந்து போகும் விருந்தினர் கண்ணால்தான் காண்கிறார்கள்.

நம் குடும்பங்கள் அங்குச் செல்லாமலில்லை. பெருநாளுக்கு மறுநாளும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கும் காலங்களிலும் வேன் பிடித்து, தேக்சா நிறையச் சோற்றைக் கட்டிக்கொண்டு செல்வது வழக்கமாகவே இருக்கிறது. சென்றதும் இயந்திரப் படகு; அகன்ற வாய்க்காலில் ஒரு சுற்று; 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் இதுவா அதுவா என்று ஒரு தர்க்கம்; கைப்பேசியில் நாலு படம்; பிறகு சோறு. இதில் பிழை காண நான் யார்? ஆனால் அப்படிச் சென்று வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "தண்ணீரும் மரமும்" என்ற விடையே கிடைக்கிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு நாங்கள் புறப்பட்டோம். எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் ராத்தா, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவர் மகன், அவனுடைய ஒன்பது வயதுப் பெண், நான். மருமகப்பெண் கைக்குழந்தையுடன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ராத்தா பரங்கிப்பேட்டையில் ஐம்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துபவர். இருந்தும் அவர் பிச்சாவரத்துப் படகில் கால் வைத்தது அன்றுதான். எங்கள் தலைமுறைப் பெண்கள் ஆற்றையும் கடலையும் பெரும்பாலும் மீன்கூடையின் வழியாகவே அறிந்தவர்கள்.

படகுத்துறையில், "மாமா, மோட்டார் படகுலே போனா சீக்கிரம் சுத்திட்டு வந்துடலாமே" என்றான் அவர் மகன்.

"சீக்கிரம் போய்ச் சேர அங்கே என்ன கடையா வச்சிருக்கு?" என்றார் ராத்தா. வழக்கு அத்துடன் தீர்ந்தது.

படகோட்டி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், அருகிலுள்ள சிற்றூர்க்காரர். எல்லோருக்கும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, "பாய், அம்மாவை நடுவுல உட்கார வையுங்க. பாப்பா கையைத் தண்ணிக்கு வெளியே வச்சுக்கணும்" என்று சொல்லித் துடுப்பை எடுத்தார்.

முதலில் அகன்ற நீர்ப்பரப்பு. ஆழமென்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் ஆள் நின்றால் மார்பளவுதான் வரும். நாளொன்றுக்கு இருமுறை கடல் இதனுள் ஏறுகிறது, இருமுறை வடிகிறது. ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தில்தான் இந்தக் காடு முழுவதும் மூச்சு விடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளைவாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாக மாறிற்று. இருபுறமும் சுரபுன்னை மரங்கள், நடுத்தண்டிலிருந்து வில்லாய் வளைந்து சேற்றில் இறங்கும் வேர்களின்மேல், பல கால்களில் நிற்பவைபோல் நின்றன. ஒரு முடுக்கில் துடுப்பு வீச இடமில்லை. படகோட்டி துடுப்புகளை உள்ளே இழுத்துவைத்துவிட்டு, வேர்களைக் கையால் பற்றிப் பற்றிப் படகை நகர்த்தினார். வேர்களில் சிப்பிகள் அடை அடையாய் ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே, சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சிறு நண்டுகள் எவரையோ அழைப்பனபோல் அக்கொடுக்கை அசைத்துக்கொண்டிருந்தன. மீனா தவளையா என்று ஐயுறத்தக்க ஓர் உயிர் சேற்றின்மேல் துள்ளித் துள்ளிப் போயிற்று, மீன்தான்.

குழந்தை ஒரு கிளையிலிருந்து தொங்கிய நீண்ட பச்சைக் காயைக் காட்டி, "இது முருங்கைக்காயா?" என்று கேட்டாள். அது காயன்று, நாற்று. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, சாணளவும் அதற்கு மேலும் நீண்டு, பின்னரே விழுகிறது. சேற்றில் செங்குத்தாக விழுந்தால் அங்கேயே வேரூன்றும். நீரில் விழுந்தால் மிதந்து வேறு கரை தேடும். உப்புநீரில் விதை தனியாகப் பிழைப்பது கடினமாகையால், பிள்ளையை ஓரளவு வளர்த்து அனுப்பும் ஏற்பாடு இது. "நல்ல தாய்தான்" என்றார் ராத்தா, மகனைப் பார்த்துக்கொண்டே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். படகிலிருந்து நாம் காணும் சுரபுன்னை வாய்க்காலின் இரு கரையிலும் ஒரு மெல்லிய கரைக்கட்டு மட்டுமே. புடவைக்கு ஓரப்பட்டை போல. அதன் பின்னே விரிந்து கிடப்பது வெண்கண்டல். அதற்கு வில்வேர்கள் இல்லை; தரையிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மூச்சுவேர்கள் மேல்நோக்கி எழுகின்றன. சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்துகிறது; வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலைவழியே வெளியேற்றுகிறது. கரையோரம் நின்ற வெண்கண்டலில் ஓர் இலையைக் கிள்ளிப் படகோட்டி குழந்தையிடம் கொடுக்க, அவள் நாவால் தொட்டுப் பார்த்து, "உப்பு!" என்று கூவினாள். உடனே அவர், "எல்லா இலையையும் தொட்டுடாதே பாப்பா. அதோ, அது தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்" என்று எச்சரித்தார். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்பது இம்மரத்தால் வந்தது. ஊர் இன்று காட்டை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது. பெயர்மட்டும் மரத்தை நினைவில் வைத்திருக்கிறது.

இங்கே பயிலும் ஆராய்ச்சியாளர்களுக்கும் இக்காடு ஒரு புதுமையைத் தந்தது. இரு வேறு சுரபுன்னைகளின் கலப்பில் தோன்றிய ஒரு வகையை 1995-இல் பிச்சாவரத்திலிருந்தே உலகிற்கு அறிவித்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் 'அண்ணாமலயானா' என்று அதற்குப் பெயர். அப்பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில்தான் உள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனைபேர் அதன் வாயிற்படியை மிதித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பறவைகளைப் பார்க்க வேண்டுமாயின் வாயை மூட வேண்டும். இது முதல் விதி. கார்த்திகை முதல் தை வரையுள்ள குளிர்மாதங்களில் வலசை வரும் பறவைகளும் சேர்ந்துகொள்வதால் அதுவே ஏற்ற பருவம். அன்று எங்களுக்குக் கிடைத்தவை: நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்தியபடி, சாம்பல் நாரை ஒன்று தவத்தில், வெள்ளைக் கொக்குகள் ஏராளம், தலைக்குமேல் செம்பருந்து, சேற்றோரத்தில் ஓயாமல் வாலாட்டும் உள்ளான்கள். ஒரு திருப்பத்தில், கரிய தலையும் நீல முதுகும் சிவந்த அலகுமாகக் கருந்தலை மீன்கொத்தி ஒன்று எங்கள் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தது. படகோட்டி துடுப்பை நீரிலிருந்து எடுத்தார். படகு தானாக மிதந்தது. துடுப்பு நுனியிலிருந்து சொட்டிய நீரின் ஓசையன்றி வேறோசையில்லை. பறவை எங்களை ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

அப்போது பெரிய வாய்க்காலில் ஓர் இயந்திரப் படகு கடந்தது. அதன் அலை எங்கள் முடுக்குவரை வந்து வேர்களை நனைத்துத் திரும்பிற்று. அருகிலிருந்த புதரிலிருந்து, பகலெல்லாம் உறங்கிக் கிடக்கும் வக்காக்கள் பத்துப் பன்னிரண்டு 'வக், வக்' என்று அலறிக்கொண்டு எழுந்தன. அவை அங்கிருந்தது அதுவரை எங்களுக்கே தெரியாது. நீர்நாயும் இக்காட்டில் உண்டு என்கிறார்கள். எங்களுக்குக் காட்சி தரவில்லை. அது அத்தனை எளிதில் கிடைக்கும் பேறும் அன்று. இயந்திரப் படகு முதியோர்க்கும் நேரமில்லாதோர்க்கும் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உயிர்களைக் காண விரும்புவோர்க்குத் துடுப்புதான் வழி. அதுவும் அதிகாலையில், ஏற்றநீர் நிற்கும் வேளையில். வற்றம் அதிகமானால் சிறு வாய்க்கால்களுக்குள் படகு புகாது. முன்கூட்டியே படகோட்டிகளிடம் கேட்டு அறிந்து செல்வது நலம்.

திரும்பும் வழியில் நான் அவரிடம் வாய்க்கால்களைப் பற்றிக் கேட்டேன். இவை எல்லாம் இயற்கையாக அமைந்தவையா?

"நாம போறது இயற்கைதான் பாய். உள்ளுக்குள்ளே வெட்டினதும் இருக்கு. சின்னப் பையனா இருக்கையிலே நானே மண்வெட்டி பிடிச்சிருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையின் பின்னே ஒரு பெருங்கதை இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலந்தொட்டு 1970-களின் நடுப்பகுதிவரை, இக்காட்டைப் பகுதி பகுதியாக எல்லை கட்டி, ஒரு பகுதியின் மரங்களை அடியோடு வெட்டியெடுத்து, பின் அது தானே வளரட்டும் என்று விட்டுவிடுவது அரசின் முறையாக இருந்தது. மலைக்காட்டுக்கு ஒருவேளை அது பொருந்தியிருக்கலாம். இங்கே வளரவில்லை. வெட்டிய இடங்கள் பல்லாண்டுகள் பொட்டலாகவே கிடந்தன. குற்றம் யார்மேல் விழுந்தது தெரியுமா? விறகு பொறுக்கிய ஏழைகள்மேலும், மாடு மேய்த்த சிற்றூர் மக்கள்மேலும். ஆடுமாடு கடித்துத் தின்றுவிட்டது, மக்கள் ஒடித்துவிட்டார்கள் என்றனர்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத்துறையோடும் சிற்றூர் மக்களோடும் சேர்ந்து மண்ணை ஆராய்ந்தபோது காரணம் வேறு என்பது வெளிப்பட்டது. மரநிழல் நீங்கியதும் வெயில் நேரே சேற்றில் விழுகிறது. சேற்றின் ஈரம் ஆவியாகி, அதிலிருந்த மக்கிய பொருள் கரைந்து, நிலம் நடுவில் அமுங்குகிறது. தட்டுப் போலிருந்தது சட்டி போலாகிறது. ஏற்றத்தில் உள்ளே வரும் கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. தேங்கியது வெயிலில் காய, உப்புமட்டும் மிஞ்சுகிறது. நாளுக்கு நாள் உப்பேறி, உப்பையே உண்டு வாழும் மரத்துக்கும் தாங்காத அளவாகிவிடுகிறது. ஆக, காடு அழிந்தது நீரில்லாமையால் அன்று, நீர் ஓடாமையால். பெற்ற பிள்ளையைப் போல் நாற்றை அனுப்பும் தாய்மரம் இருந்தும், நாற்று நிற்க இடமில்லை.

மருந்து எளியது; உழைப்புத்தான் பெரிது. இயற்கை வாய்க்காலிலிருந்து சட்டிநிலத்துக்குள் ஒரு நடுவாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலிருக்கும். கடல்நீர் ஏறி, நிலத்தைக் கழுவி, உப்பைக் கரைத்து வெளியேறத் தொடங்கியதும், கரையோரங்களில் வெண்கண்டல் நாற்றுகளை நட்டனர். எவர் காட்டை அழித்ததாகச் சொல்லப்பட்டதோ அவ்வூர் மக்களே நட்டார்கள். காடு மீண்டது, துணைக்கோள் படங்களில் பச்சை பெருகியது. வெட்டிய வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடுமாகையால் அவ்வப்போது சேற்றை வாரியாக வேண்டும். அந்தப் பணி நிற்குமானால் சட்டி மறுபடியும் சட்டியாகும்.

"தூர் வார்றது வருஷா வருஷம் நடக்குதா?" என்று கேட்டேன். படகோட்டி சிரித்துக்கொண்டு துடுப்பை ஆழப் போட்டார்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இக்காடு அலையை ஆற்றிய கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பரங்கிப்பேட்டைக் கரையிலுள்ள 18 குப்பங்களை ஆராய்ந்து, காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவு என்று கதிரேசன், இராசேந்திரன் என்னும் இரு பேராசிரியர்கள் 2005-இல் எழுதினர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்து, அவ்வூர்கள் பிழைத்ததற்குக் கடலிலிருந்த தூரமும் தரையின் உயரமுமே பெருங்காரணம் என்று மறுத்தனர். நம் மேடைப் பேச்சாளர்கள் முதற்பாதியை மட்டும் சொல்வார்கள். கடல்முகத்து மணற்றிட்டுகளில் வாழ்ந்த மீனவர் பலர் அன்று மாண்டதையும், எஞ்சியோர் உள்ளே குடியேற்றப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். எவ்வளவு ஆற்றியது என்பதில் வழக்கிருக்கலாம்; வேர்களுக்கிடையே புகுந்த அலை வேகம் தளரும் என்பதில் வழக்கில்லை. அன்று வந்த இயந்திரப் படகின் அலை, எங்கள் முடுக்கின் கடைசி வேரை அடையும்போது வெறும் சுருக்கமாகிவிட்டதைக் கண்ணால் கண்டோம்.

2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஈரான் நாட்டில், காஸ்பியன் கடலோரத்து ராம்சர் என்னும் ஊரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கை அது. பட்டியலில் ஏறியது பெருமைதான். ஆனால் இக்காட்டுக்கு வேண்டிய இன்னொரு நீரைப் பட்டியல் கொண்டுவந்து தராது. கடல்நீர் மட்டுமே அலையாத்திக்குப் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கொள்ளிடத்தின் வழியும் வெள்ளாற்றின் வழியும் வரும் நன்னீர் கலந்தால்தான் உப்பு தணியும். சில மரங்கள் அந்தத் தணிவில்தான் தழைக்கும். மேலே அணைகள் பெருகப் பெருக, கடைமடைக்கும் கீழேயிருக்கும் இக்காட்டுக்கு வந்துசேர்வது, மிஞ்சிய வெள்ளம் மட்டுமே. முன்னாளில் இங்கே குறித்துவைக்கப்பட்ட மர இனங்கள் சில இன்று காணக் கிடைப்பதில்லை. காவிரி நீருக்குப் பங்கு கேட்போரில் உழவருண்டு, நகரங்களுண்டு. அலையாத்திக்காக வாதாட எவருண்டு?

இதை நான் சொல்லிக்கொண்டு வரும்போது ராத்தா குறுக்கிட்டார். "முந்தியெல்லாம் மழை நாள்ல சினை மடவை கூடை கூடையா வரும். இப்பக் கூடைக்காரி ரெண்டு மூணு வச்சுக்கிட்டு வர்றா. நான் அவளைத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு வேர்களைப் பார்த்தபடியே, "அம்பது வருஷமா இந்தத் தண்ணியிலேருந்து வந்ததைத்தான் ஆக்கிப்போட்டேன். தண்ணியை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அவர் மகன் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டான்.

படகுத்துறையை நெருங்குகையில், கரைச் சரிவில் மார்பளவு நீரில் சிலர் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தனர். இருளர்கள். வலையில்லை, தூண்டிலில்லை, இரு கைகளாலும் சேற்றைத் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையால் முடைந்த பறி ஒன்று கழுத்தோடு. கடலில் பிறந்து, குஞ்சாய் இவ்வேர்களுக்குள் வந்து வளர்ந்து, பருவம் எய்தியதும் கடலுக்கே திரும்பும் இறாலை, இடைவழியில் விரல்களால் அறிகிறவர்கள் அவர்கள்.

கரையேறிய ஒரு பெண்ணிடம் ராத்தா, "இது எந்த வாய்க்கால் இறாலம்மா?" என்று கேட்டார். இதுவரை எந்தக் கூடைக்காரியிடமும் அவர் இப்படிக் கேட்டு நான் அறியேன். அப்பெண் பறியை இறக்கிவைத்துவிட்டு, நாங்கள் வந்த வழியைக் காட்டினாள். இரண்டாவது திருப்பத்தில் இடக்கைப் பக்கம் என்றாள். மீன்கொத்தி உட்கார்ந்திருந்த இடம். ராத்தா அந்தப் பறியில் இருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டார். விலை பேசவில்லை.